அப்பாவின் மறதி: அம்மா போன துக்கமா, மறதி நோயா?

பாபநாசத்துப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. அரசுப் பேருந்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நடத்துநராக ஓடியவர், பெரும்பாலும் கும்பகோணம் - தஞ்சாவூர் தடம். இப்போது பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். நான் தாம்பரத்தில், தம்பி தோஹாவில். போன புரட்டாசியில் அம்மா தவறிவிட்டார்கள். மாரடைப்பு, ஒரே ராத்திரி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடக் கொண்டுபோக முடியவில்லை.

முதல் இரண்டு மூன்று மாதம் அப்பா சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வருஷம் கூடவே இருந்தவள் போய்விட்டாள், இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். பொங்கலுக்கு அப்புறம்தான் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. போனில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறார். காலை மாத்திரையைப் போட்டாரா என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். ஒரு நாள் இரண்டு வேளைக்கு உள்ளதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார், பக்கத்து வீட்டு அத்தை மகன் அட்டையை எண்ணிப் பார்த்துச் சொன்னான்.

மே மாதம் பிள்ளைகளின் லீவுக்குப் போய்ப் பத்து நாள் தங்கினேன். ஒரு நாள் மளிகைக் கடைக்கு அவரோடு போனேன். மொத்தம் 340 ரூபாய். அப்பா 500 ரூபாய் நோட்டைக் கொடுத்தார். மீதியை வாங்கியதும் அந்தப் பழைய பழக்கத்தில் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டார், கை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எண்ணவில்லை. கடைக்காரர் நூறு ரூபாயைக் குறைத்துக் கொடுத்திருந்தார், கூட்டத்தில் நடந்த தவறுதான். நான் சொன்ன பிறகும் அப்பா கையில் இருந்ததைப் பார்த்தபடி நின்றாரே தவிர, எவ்வளவு வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "எனக்கு இப்பல்லாம் கணக்கே வரமாட்டேங்குதும்மா, மூளை செத்துப்போச்சு" என்றார். தாராசுரம் தாண்டி சுந்தரப்பெருமாள்கோயில் வருவதற்குள் நின்றுகொண்டு வருகிற கூட்டம் முழுவதுக்கும் டிக்கெட் கொடுத்து, சில்லறை பாக்கி யார் யாருக்கு என்று மனதிலேயே வைத்திருந்த மனுஷன் அவர். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் பழைய கதை கேட்டால் எல்லாம் வருகிறது. எந்த வருஷ வெள்ளத்தில் எந்தப் பாலத்தில் பஸ் நின்றது என்பதுவரை சொல்கிறார். நேற்று என்ன சாப்பிட்டார் என்பதுதான் இல்லை. டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார். டிவி ஓடுகிறது, பார்ப்பதில்லை. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார். ஆறு கிலோ இளைத்திருக்கிறார். இரண்டு தடவை, "அவ கூடவே நானும் போயிருக்கலாம்" என்று சொன்னார்.

அத்தை இது பெண்டாட்டி போன துக்கம், வருஷத் திதி முடிந்தால் தெளிந்துவிடுவான் என்கிறார். தம்பி, வயசானால் மறதி வரத்தான் செய்யும் என்கிறான். என் கணவர் இது டிமென்ஷியா, அதாவது மறதி நோயின் ஆரம்பம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. உள்ளூர் டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து வயசைக் காரணம் சொன்னார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறார், அது போக அம்மா போனதிலிருந்து ஒரு தூக்க மாத்திரை, மருந்துக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறார்.

மனச்சோர்வா, மறதி நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் எந்த டாக்டரிடம் போவது? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உறையூர் வாசகி:

உங்கள் பதிவைப் படித்ததும் நான்கு வருஷத்துக்கு முந்தைய என் அம்மாதான் கண்முன் வந்தார். அப்போது அம்மாவுக்கு 67. மாமா விபத்தில் போன பிறகு ஐந்தாறு மாதத்தில் ஆளே மாறிவிட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பார், பேரன் பெயர் நாக்கு நுனியில் நிற்கும் ஆனால் வராது, சாவியை எங்கே வைத்தோம் என்று நாள் முழுக்கத் தேடுவார். நாங்கள் எல்லோரும் மறதி நோய்தான் என்று முடிவே கட்டிவிட்டோம். பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது, யார் வேலையை விடுவது என்றெல்லாம் சண்டைகூட வந்தது.

கடைசியில் அது மனச்சோர்வு. கூடவே தைராய்டும் குறைந்திருந்தது.

டாக்டர் எனக்கு விளக்கிய இரண்டு விஷயத்தை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவிடமும் அது இருப்பதுபோல் தெரிகிறது. ஒன்று, மனச்சோர்வில் இருப்பவர் தன் மறதியைப் பற்றித் தானே புலம்புவார். "மூளை போச்சு, எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது" என்பார். கேள்வி கேட்டால் முயற்சிகூடச் செய்யாமல் "தெரியலை, விடு" என்று கையை விரித்துவிடுவார். மறதி நோயில் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் கவலைப்படுவார்கள், அவர் எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்று சமாளிப்பார். இரண்டாவது, குறிப்பு கொடுத்துப் பார்ப்பது. அம்மாவிடம் மூன்று சொல் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. "ஒண்ணு பழம்" என்றதும் மாம்பழம் என்றார், "இன்னொண்ணு வீட்டுல இருக்கிற சாமான்" என்றதும் நாற்காலி என்றார். உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை என்றார் டாக்டர். அல்சைமர் என்கிற மறதி நோயில் பதிவதே பழுதாகிவிடுவதால் குறிப்பு கொடுத்தாலும் பெரும்பாலும் வராதாம்.

ஆனால் இதை வைத்து நீங்களே வீட்டில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன், தினமும் இன்று என்ன கிழமை, நேற்று யார் வந்தார் என்று பரீட்சை வைத்து வைத்து அம்மா என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்குப் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் வரை எந்த மாற்றமும் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா என்று நினைத்தபோது டாக்டர் வயதானவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரைகூட ஆகலாம், பொறுங்கள் என்றார். ஏழாவது வாரம் ஒரு நாள் காலையில் நான் எழுந்து வரும்போது அம்மா சமையலறையில் நின்று, "என்னடி பெருங்காய டப்பாவை எங்க மாத்தி வெச்ச?" என்று என்னைத் திட்டினார். அந்தத் திட்டுக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். தைராய்டு மாத்திரை இன்னும் போடுகிறார், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஞாபகப் பரிசோதனைக்கும் அழைத்துப்போகிறேன்.

வருஷத் திதி வரைக்கும் காத்திருக்காதீர்கள் அக்கா. அத்தை சொல்வது பாசத்தில் சொல்வது, ஆனால் துக்கம் தானாகத் தெளிகிற கட்டத்தை உங்கள் அப்பா தாண்டிவிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

நொய்யல்:

மேலே எழுதிய சகோதரியின் அம்மா தேறியதில் உண்மையிலேயே மகிழ்ச்சி. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அதையும் நீங்கள் கேட்டுவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன், பயமுறுத்த அல்ல.

அம்மா 2017-ல் இறந்தார். அப்பா தடுமாற ஆரம்பித்தார், நாங்கள் துக்கம் துக்கம் என்று சொல்லியே இரண்டு வருஷத்தை விட்டுவிட்டோம். உண்மையில் அது அம்மா இருக்கும்போதே ஆரம்பித்திருந்தது. அம்மா அதை மறைத்தார் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அவர் பாட்டுக்கு ஒவ்வொரு வேலையாகத் தன் கையில் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். கரண்ட் பில் அம்மா கட்டினார். கல்யாணத்துக்குப் போனால் எதிரே வருகிறவர் யார் என்று அப்பாவின் காதில் அம்மா சொல்லிவிடுவார். பாங்குக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள், செலானை அம்மா நிரப்புவார், அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா போனதும் இவையெல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தன. பார்க்கிறவர்களுக்கு அம்மா செத்ததால் அப்பாவுக்கு மறதி வந்ததுபோல் தெரிந்தது.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அம்மா போவதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அப்பா வழக்கமாகச் செய்துவந்த ஏதாவது ஒரு வேலை சத்தமில்லாமல் அம்மா கைக்குப் போனதா? உங்கள் நினைவை மட்டும் நம்பாதீர்கள், நாம் வருஷத்துக்கு நாலு நாள் போய்விட்டு வருகிறவர்கள். அத்தையைக் கேளுங்கள், கடைக்காரரைக் கேளுங்கள்.

எங்கள் அப்பா ஒரு தடவைகூட எனக்கு மறதி என்று சொன்னதில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க என்றால் உடனே, தயங்காமல், "இட்லி, தேங்காச் சட்னி" என்பார். அன்றைக்கு வீட்டில் இட்லியே செய்திருக்க மாட்டோம். பொய் சொல்லவில்லை, இருந்த ஓட்டையை மனசு தானாக அடைத்துக்கொண்டது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் வீட்டுக்குப் போகணும் என்று கிளம்புவார், இருப்பதே அவர் கட்டிய வீட்டில்தான். நாற்பது வருஷம் போய்வந்த கோயிலிலிருந்து திரும்பி வரும் வழி தெரியாமல் ஒரு நாள் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

முன்பே போயிருந்தால் குணமாகியிருக்குமா என்றால் இல்லை, அதற்கு மருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும். டோனபெசில் மாதிரியான மாத்திரைகள் கொஞ்ச காலத்துக்குக் கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அவரைத் திட்டியிருக்க மாட்டோம். யாரோ கேட்டார்கள் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதைத் தடுத்திருப்போம். சொத்து, பாங்கு விஷயத்தில் அவர் விருப்பம் என்ன என்று அவரிடமே கேட்டிருப்போம், கேட்டுச் சொல்லக்கூடிய நிலையில் அப்போது இருந்தார். எனக்கு ஆறாத குறை அதுதான்.

கீரைக்கட்டு:

வல்லாரைக் கீரையைத் தினமும் துவையலாக அரைத்துக் கொடுங்கள். எங்கள் பாட்டிக்கு 88 வயசு வரைக்கும் ஞாபகம் துல்லியமாக இருந்தது.

ஓய்வுபெற்ற செவிலி:

அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருஷம் செவிலியாக இருந்தேன், அதில் கடைசி ஒன்பது வருஷம் மனநலப் பிரிவில். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு வந்த எத்தனையோ குடும்பத்தை வாசல் பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

முதலில் அவசரமானது. "அவ கூடவே போயிருக்கலாம்" என்று இரண்டு முறை சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதே மகளே. இளைப்பு, விடிகாலை விழிப்பு, தனிமை, இப்படி ஒரு வார்த்தை, எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தால் நாங்கள் அதை லேசாக விட மாட்டோம். நேராகக் கேள்: "அப்பா, செத்துப்போகணும்னு தோணுதா? ஏதாவது பண்ணிக்கலாம்னு நினைச்சீங்களா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதே, வராது. பலர் கேட்டதும் அழுதுவிட்டு, யாராவது கேட்டார்களே என்று ஆறுதல் அடைவார்கள். வயல் வைத்திருக்கும் வீடு என்றால் பூச்சிமருந்து, களைக்கொல்லி எது இருந்தாலும் இன்றைக்கே அத்தை மகனை விட்டு அப்புறப்படுத்து. தூக்க மாத்திரையும் மொத்தமாக அவர் கையில் இருக்க வேண்டாம். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், நீயும் கூப்பிடலாம், அவரும் கூப்பிடலாம்.

இனி உன் கேள்வி. மனச்சோர்வா மறதி நோயா என்று இரண்டே கதவு இருப்பதாக நினைக்கிறாய். மூன்றாவது ஒன்று உண்டு, அது பெரும்பாலும் மாத்திரைப் பையில் இருக்கும். டாக்டரிடம் போகும்போது அவர் போடுகிற அத்தனை அட்டையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போ, சளிக்கு வாங்கிய மாத்திரை, சத்து மாத்திரை, லேகியம் உட்பட. மருந்துக் கடையில் வாங்கும் தூக்க மாத்திரை அல்பிரசோலம், குளோனசெபம் வகையாக இருந்தால் அதுவே இந்த வயதில் ஞாபகத்தை மந்தமாக்கும், நடை தடுமாறும். ஆனால் நீயாகத் திடீரென்று நிறுத்திவிடாதே, பத்து மாதமாகப் போடுகிறார், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். சளி மாத்திரைகள் சிலவும், சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும்கூட வயதானவர்களின் மூளையைக் குழப்பும். பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மருந்து கலந்திருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டியது 125-க்குப் போனவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், கிழமை தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள், சரியானதும் எழுந்து எங்கள் பெயரைக் கேட்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போட்டால் பி12 வைட்டமின் குறையும், அதுவும் மறதியில் கொண்டுபோய் விடும். தைராய்டை மேலே ஒரு தங்கச்சி சொல்லிவிட்டார். ஆக சோடியம், பி12, தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, சிறுநீர்ப் பரிசோதனை, இவை எல்லாம் பார்க்காமல் யாரும் எந்தப் பெயரும் வைக்கக் கூடாது.

சமீபத்தில் எங்காவது விழுந்தாரா என்று கேள். தலையில் லேசாக அடிபட்டு, வெளியே காயமே இல்லாமல், வாரங்கள் கழித்து உள்ளே ரத்தம் கட்டி மறதியாக வருவதுண்டு. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். திடீரென்று ஒரே நாளில், இரண்டு நாளில் ஆளே தெரியாத மாதிரி குழம்பினால் அது மனச்சோர்வும் இல்லை, மறதி நோயும் இல்லை, தொற்றோ வேறு உடம்புக் கோளாறோ ஏதோ ஒன்று, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் காது. முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்திலும் ஹாரனிலும் நின்றவர். சரியாகக் காதில் விழாத வார்த்தை ஞாபகத்தில் எப்படி நிற்கும்? ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பதில் காதுக்கும் பங்கு இருக்கலாம். இதை யாரும் யோசிப்பதே இல்லை.

மனச்சோர்வு மறதி நோய் மாதிரியே வேஷம் போட்டு வரும் என்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல, போலி மறதி நோய் என்று 1961-லேயே கட்டுரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் கூடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். வயதான காலத்தில் முதல்முறையாக வருகிற மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்வாசலாகவும் இருக்கும். அதனால்தான் நல்ல டாக்டர் முதல் நாளே அடித்துச் சொல்ல மாட்டார். சரிசெய்யக் கூடியதை எல்லாம் சரிசெய்து, மனச்சோர்வுக்கு முழுசாக மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையைத் திரும்ப வைப்பார். முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு ஞாபகப் பரிசோதனை, மனச்சோர்வுக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி பதினைந்து கேள்வி, இரண்டும் தமிழிலேயே உண்டு. முதல் நாள் மதிப்பெண்ணைப் பார்த்து உடைந்துபோகாதே, மனசு சரியில்லாதவர் நன்றாகப் படித்தவராக இருந்தாலும் மதிப்பெண் குறையும்.

உன் தம்பிக்குச் சொல்: வயசானால் வரத்தான் செய்யும் என்பது தப்பு. 2023-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். மிச்சம் தொண்ணூற்று இரண்டு பேருக்கு மேல் இல்லையே. வயசுதான் காரணம் என்றால் அவர்களுக்கும் வந்திருக்க வேண்டாமா?

எங்கே போவது என்றால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கேயே ரத்தமும் ஸ்கேனும் முடியும். உன்னோடு சென்னைக்கு வர அவர் ஒத்துக்கொண்டால் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது, அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்கிற மனநல மையம் இருக்கிறது. மனநல மருத்துவரா நரம்பியல் மருத்துவரா என்று குழம்பாதே, நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் மனநல மருத்துவரிடம் முதலில் போ, தேவைப்பட்டால் அவரே அனுப்புவார்.

வல்லாரை சொன்ன தம்பிக்கு: கீரையாகத் தாராளமாகச் சாப்பிடட்டும், அதை நம்பி டாக்டரிடம் போவதை மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

நொய்யல்:

அக்கா சொன்ன அந்தத் திடீர் குழப்பம் பற்றிய வரியை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம்.

பாபநாசத்துப் பெண்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஐந்து வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செவிலி அக்கா எழுதியதைப் படித்த அன்றே அத்தை மகனுக்குப் போன் செய்தேன். கொல்லைப்புற அறையில் பாதி டப்பா பூச்சிமருந்து இருந்திருக்கிறது, எடுத்துப்போய்விட்டான். அடுத்த நாள் ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போய் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "செய்துக்க மாட்டேம்மா, ஆனா விடியாம இருந்தா நல்லா இருக்கும்னு தோணும்" என்றார். அம்மா போன அன்றைக்குக்கூட அவர் முன்னால் நான் அப்படி அழவில்லை.

தஞ்சாவூருக்கு வரமாட்டேன் என்றார், பிரஷர் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி அழைத்துப்போனேன். கார் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்று அவரே சொன்னார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். ராஜகிரி, பண்டாரவாடை தாண்டியதும், "அய்யம்பேட்டை எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். எனக்கு மட்டும்தான் கேட்டது.

டாக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93 என்றார், அதற்கு மேல் "வரலை, விடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் என்னிடம் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "டிக்கெட் 17 ரூபாய், நாலு பேரு, நூறு ரூபாய் நோட்டு குடுக்கறாங்க, எவ்வளவு திருப்பித் தருவீங்க?" என்றார். அப்பா நிமிராமலே, "முப்பத்திரெண்டு. சில்லறையா எட்டு ரூபா குடுத்தா சௌகரியம்" என்றார். ஆனால் மூன்று சொல் சொல்லி ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டதில் ஒன்றும் வரவில்லை. குறிப்பு கொடுத்ததில் இரண்டு வந்தது, மூன்றாவது வரவே இல்லை.

முப்பதுக்கு இருபது. மனச்சோர்வுக் கேள்விகளில் பதினைந்துக்குப் பன்னிரண்டு. சோடியம் 127. பி12-உம் குறைவு. ஸ்கேனில் ரத்தக்கட்டு எதுவும் இல்லை. பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள், பி12 ஊசி போடுகிறார்கள், தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். சோடியம் ஏறிய பிறகுதான் மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள், சில மாத்திரைகள் சோடியத்தை மறுபடி இறக்கிவிடும் என்பதால் பார்த்துத்தான் தர வேண்டும் என்றார் டாக்டர். வலது காது ரொம்பவே மந்தம் என்று காதுப் பரிசோதனையில் வந்திருக்கிறது.

நொய்யல் சார் கேட்டதையும் விசாரித்தேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஊர்க் கோயில் கணக்கை அப்பாதான் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துவந்தார். அம்மா போவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எங்களிடம் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னதாக ஞாபகம். கண்தான் காரணமா, அப்போதே கணக்கு தடுமாறியதா என்று சொல்ல அம்மா இல்லை. அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசி நான்கைந்து பக்கத்தில் அடித்தல் திருத்தல் அதிகம், இரண்டு இடத்தில் கூட்டல் அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன். குறித்துக்கொண்டார். இப்போது எதுவும் சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனை, அதற்கு அடுத்து ஆறு மாதத்தில் மறுபடியும் என்றார்.

தம்பி அடுத்த மாதம் வருகிறான், அதுவரை அப்பா என்னோடு தாம்பரத்தில். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். பரீட்சை வைப்பதில்லை, உறையூர் சகோதரி சொன்னது மனதில் நிற்கிறது. மூன்று மணி விழிப்பு ஐந்து மணியாகியிருக்கிறது. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது குறையவில்லை, இன்று காலைகூடத் தம்பி எப்போது வருகிறான் என்று இரண்டு முறை கேட்டார். நேற்று சாயங்காலம் பால்காரர் மாசக் கணக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, ரெண்டு பாக்கெட் கூடப் போட்டிருக்கான் பார் என்றார். நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இரண்டு இல்லை, ஒன்றுதான் கூட இருந்தது.

மறுபரிசோதனை ஐப்பசியில். முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.